வாரண்டியை மறுத்தவரே நிரூபிக்கட்டும்

வாங்கி எட்டு மாதமான செல்போன் திடீரென்று சார்ஜ் ஏறாமல் நின்றுவிடுகிறது. பில் இருக்கிறது, பெட்டி இருக்கிறது, வாரண்டியும் நான்கு மாதம் பாக்கி இருக்கிறது. புதுச்சேரிக்கு பஸ் ஏறிப் போய், சர்வீஸ் சென்டரில் டோக்கன் வாங்கி உட்கார்ந்தால், மேஜைக்கு அந்தப் பக்கம் இருக்கும் தம்பி சிம் தட்டை ஊசியால் குத்தி வெளியே எடுத்து, அந்தத் துவாரத்துக்குள் வெளிச்சம் அடித்துப் பார்க்கிறார். "தண்ணி பட்டிருக்குண்ணே. வாரண்டியில வராது. போர்டு மாத்தணும்" என்கிறார். போர்டுக்கு அவர் சொல்லும் விலை போன் விலையில் பாதியைத் தொடுகிறது. வில்லியனூர், பாகூர் கொம்யூன் பஞ்சாயத்துகளைச் சேர்ந்த பலருக்கு விவகாரம் அந்த மேஜையோடு முடிந்துவிடுகிறது. கேட்ட காசைக் கொடுத்துவிடுகிறார்கள். இல்லாவிட்டால் செத்த போனைப் பையில் போட்டுக்கொண்டு வந்து, புதிதாக இன்னொன்றைத் தவணையில் வாங்குகிறார்கள். பழைய போனின் தவணையே முடிந்திருக்காது.

அந்த மறுப்பை எதிர்த்துக் கேட்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. அந்த வழி கிராமத்து ஆளுக்கு எவ்வளவு தூரம் திறந்திருக்கிறது, எந்த இடத்தில் அடைபட்டுக் கிடக்கிறது என்பதைத்தான் இங்கே பார்க்கிறோம். பன்னிரண்டாயிரம் ரூபாய் போனுக்கு இத்தனை பேச்சா என்று கேட்பவர்கள், அந்தப் போனில் என்னென்ன இருக்கிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். வங்கிக் கணக்கு, யுபிஐ, ஆதார் ஓடிபி, பிள்ளையின் பள்ளிக்கூடத் தகவல், நாள் கூலி வேலைக்கு வரும் அழைப்பு எல்லாம் அதில்தான். ரேஷன் அரிசிக்குப் பதிலாக வங்கிக் கணக்கில் பணம் வந்துகொண்டிருந்த ஆண்டுகளில், அந்தப் பணம் வந்ததா இல்லையா என்று சொன்னதும் போன்தான். இரண்டு வாரம் போன் இல்லையென்றால் இரண்டு வார வருமானமே தடைபடும் வீடுகள் இந்தக் கொம்யூன்களில் நிறைய.

மறுப்புகள் பல தினுசு. கீழே விழுந்திருக்கிறது, வெளியாள் திறந்திருக்கிறார், பில்லில் பெயர் வேறு, சாப்ட்வேர் மாற்றியிருக்கிறீர்கள், சார்ஜருக்கு ஆறு மாதம்தான் என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். இவற்றில் பில் பெயர் காரணம் நிற்காது. வாங்கியவரின் சம்மதத்தோடு பயன்படுத்துபவரும் நுகர்வோரே என்று சட்டத்திலேயே இருக்கிறது. மகன் பெயரில் பில், அம்மா கையில் போன் என்றால் அம்மாவே புகார் கொடுக்கலாம். டெலிவரி வேலைக்கோ தையல் ஆர்டர் எடுக்கவோ போனைப் பயன்படுத்துபவரை "வணிகத்துக்கு வாங்கியவர்" என்று தள்ளவும் முடியாது. சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் வாங்கியவர் நுகர்வோர் என்ற கணக்கிலேயே வருவார்.

தண்ணீர்க் காரணம்தான் விரிவாகப் பார்க்க வேண்டியது. போனுக்குள், பெரும்பாலும் சிம் தட்டின் துவாரத்தை ஒட்டியும் போர்டின் மேலும், கடுகளவு வெள்ளை ஒட்டுத்தாள் ஒட்டியிருப்பார்கள். ஈரம் பட்டால் அது சிவப்பாக மாறும். சர்வீஸ் சென்டரில் வெளிச்சம் அடித்துப் பார்ப்பது இதைத்தான். ஈரம் வந்தது என்பதைத் தவிர அந்தச் சிவப்புப் புள்ளியால் வேறெதையும் சொல்ல முடியாது. எப்போது வந்தது, எவ்வளவு வந்தது, இப்போது நின்றுபோன பழுதுக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா என்ற கேள்விகள் அப்படியே நிற்கின்றன. கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் மணப்பட்டிலும், ஏரிப் பாசனத்தில் நெல் விளையும் பாகூரிலும் காற்றே ஈரம். நாற்று நடும்போது இடுப்பு மடிப்பில் செருகிய போனில் ஏறும் வியர்வையைத் தவறான பயன்பாடு என்று யாராவது சொல்ல முடியுமா?

இந்தச் சந்தேகம் நமக்கு மட்டும் வந்ததில்லை. அமெரிக்காவில் இதே ஒட்டுத்தாளைக் காட்டி ஐபோன்களுக்கு வாரண்டி மறுத்ததை எதிர்த்துக் கூட்டு வழக்குப் போட்டார்கள். தண்ணீர் படாமலே காற்றின் ஈரப்பதத்தால் தாள் நிறம் மாறக்கூடும் என்பதே அங்கே வாதமாக இருந்தது. 2013இல் ஆப்பிள் நிறுவனம் 5.3 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. அதற்குப் பிறகு விளம்பரங்களில் போன்கள் தண்ணீரில் குதிக்கத் தொடங்கின, ஆனால் வாரண்டித் தாளில் "திரவச் சேதத்துக்குப் பொறுப்பில்லை" என்ற வரி மாறவில்லை. இந்த முரணுக்காக இத்தாலியின் போட்டி ஆணையம் 2020 நவம்பரில் ஆப்பிளுக்கு 1 கோடி யூரோ அபராதம் விதித்தது. சாம்சங் தன் கேலக்ஸி போன்களைக் குளத்திலும் கடலிலும் பயன்படுத்தலாம் என்று காட்டி விளம்பரம் செய்ததற்காக, 2022 ஜூனில் ஆஸ்திரேலிய நீதிமன்றம் 1.4 கோடி ஆஸ்திரேலிய டாலர் கட்ட வைத்தது. நனைந்த போனை சார்ஜில் போட்டால் சார்ஜ் துளை அரித்துப்போகும் என்பதை வாங்குபவருக்குச் சரியாகச் சொல்லவில்லை என்பது அந்த வழக்கின் சாரம். நம் ஊரிலும் அதே மாதிரி விளம்பரம்தான், அதே வாரண்டித் தாள்தான். அந்த அளவுக்கான தண்டனைதான் இங்கே வரவில்லை.

வாரண்டித் தாளில் எழுதியிருப்பதுதான் தனக்குள்ள முழு உரிமை என்று நினைத்துக்கொள்வது பலரும் செய்யும் பிழை. அந்தத் தாளை எழுதியது கம்பெனி. அதற்கு முன்பே 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், விற்கிற பொருள் விற்பனைக்குரிய தரத்தில் இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, வெளிப்படையாகவோ உள்ளுறையாகவோ உள்ள ஒப்பந்தத்துக்கு ஏற்ற தரம் குறைந்தாலே அது குறைபாடு. பழுதை நீக்கச் சொல்லலாம், மாற்றுப் போன் கேட்கலாம், வட்டியோடு பணத்தைத் திரும்பக் கேட்கலாம், அலைக்கழித்ததற்கு இழப்பீடும் வழக்குச் செலவும் கேட்கலாம். பில் தர மறுப்பது, குறைபாடுள்ள பொருளைச் சொன்ன கெடுவுக்குள் திரும்ப எடுக்க மறுப்பது ஆகியவையும் முறையற்ற வணிகம் என்று இதே சட்டம் தனியாகவே சொல்கிறது.

இனி, புகாரை எந்த ஊரில் கொடுப்பது? நகரத்து ஆளுக்கு இது ஒரு கேள்வியே இல்லை, கொம்யூன் ஆளுக்கு இதுதான் முதல் கேள்வி. புதுச்சேரி வட்டாரத்தின் வரைபடத்தைப் பார்த்தவர்களுக்குக் காரணம் தெரியும். பாகூர் கொம்யூனைச் சுற்றி கடலூர் மாவட்டம் சூழ்ந்திருக்கிறது. முள்ளோடையைத் தாண்டினால் தமிழ்நாடு. பாகூர், குருவிநத்தம் பக்கத்து ஜனங்களுக்குப் புதுச்சேரி நேரு வீதியைவிடக் கடலூர் கடைத்தெரு கிட்டம். தீபாவளிக்குத் துணி எடுக்கப் போகும்போதே போனும் வாங்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். வில்லியனூருக்கு மேற்கே இருப்பவர்களுக்கு விழுப்புரம் அப்படி. 1986ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில், எதிர்த்தரப்பு எங்கே தொழில் நடத்துகிறதோ, அல்லது வழக்கின் காரணம் எங்கே எழுந்ததோ, அங்கேதான் புகார் கொடுக்க வேண்டியிருந்தது. கடலூரில் வாங்கிய போனுக்குக் கடலூரில்தான் வழக்கு. ஆன்லைனில் வாங்கினால் பில்லில் இருக்கும் விற்பனையாளர் முகவரி பெங்களூரோ ஹரியானாவோ. கம்பெனி வக்கீல் முதல் வாய்தாவிலேயே "இந்த மன்றத்துக்கு எல்லை வரம்பு இல்லை" என்று எழுந்து நிற்பார்.

2020 ஜூலை 20இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் இதை மாற்றிவிட்டது. புகார்தாரர் வசிக்கும் இடத்திலோ வேலை செய்யும் இடத்திலோ உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம் என்கிறது அதன் 34ஆவது பிரிவு. கடலூர் கடையாக இருந்தாலும் பாகூர்க்காரர் புதுச்சேரி மாவட்ட ஆணையத்துக்கு வந்தால் போதும். எல்லையோர கிராமங்களுக்கு இந்த ஒரு திருத்தம் செய்த நன்மையைப் பற்றி யாரும் போதுமான அளவுக்குப் பேசவில்லை. அரசின் நுகர்வோர் தின விழாக்களில் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டிய செய்தி இது.

செலவும் பெரிதாக இல்லை. ஐந்து லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது. சாதாரணமாக விற்கும் எந்த செல்போனும் அந்த வரம்புக்குள் அடங்கும். வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை, நேரில் நின்று தானே பேசலாம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள் ஆகியோருக்கு 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி இலவச வக்கீல் உதவி உண்டு. அதற்கு 15100 என்ற எண்ணைக் கூப்பிட்டுக் கேட்கலாம். 2020இல் இ-தாக்கில் என்று தொடங்கி, 2025 ஜனவரி முதல் இ-ஜாக்ரிதி என்ற பெயரில் இயங்கும் அரசுத் தளத்தில் புகாரை ஆன்லைனிலேயே பதியலாம், காணொலி விசாரணைக்கும் விண்ணப்பிக்கலாம். போன் கெட்டுப்போனவரே போனில் பதிவது எப்படி என்பது நியாயமான கேள்வி. பக்கத்துப் பொதுச் சேவை மையம்தான் அதற்குக் கை கொடுக்க வேண்டும்.

வழக்குக்கு முன்னால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. தமிழில் பேசலாம். அவர்கள் புகாரை எண்ணிட்டுக் கம்பெனிக்கு அனுப்புவார்கள். பெரிய கம்பெனிகள் பல இந்த ஏற்பாட்டில் சேர்ந்திருப்பதால், சர்வீஸ் சென்டரில் மறுத்த அதே போனுக்கு இந்த வழியில் போர்டு மாற்றிக் கொடுப்பதும் நடக்கிறது. ஆனால் அவர்களுக்கு உத்தரவிடும் அதிகாரம் இல்லை. கம்பெனி கைவிரித்தால் உதவி எண்ணின் வேலை அதோடு சரி. அங்கே காத்திருக்கும் மாதங்களுக்காக வழக்கின் கெடுவும் நீளாது. வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் ஆணையத்துக்குப் போய்விட வேண்டும்.

யார் மேல் புகார் என்பதிலும் பலர் ஏமாறுகிறார்கள். கடைக்காரர் "நாங்க விக்கிறதோட சரி, கம்பெனியைப் பாருங்க" என்பார். கம்பெனி "சர்வீஸ் சென்டர் தனி ஏஜென்சி" என்னும். ஆன்லைன் தளம் "நாங்கள் இடைத்தரகர் மட்டுமே" என்று எழுதி அனுப்பும். விற்றவர், தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர், பழுது பார்க்க மறுத்தவர் மூவரையும் எதிர்த்தரப்பாகச் சேர்த்துவிடுவதுதான் நல்லது. பொறுப்பை அவர்களுக்குள் பிரித்துக் கொடுப்பது ஆணையத்தின் வேலை. ஆன்லைன் தளங்களும் முழுக்கக் கழன்றுகொள்ள முடியாது. 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி அவர்களின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். கடைக்காரரை எப்போதும் வில்லனாகப் பார்ப்பதும் சரியில்லை. 2024 மே முதல் ஒன்பிளஸ் போன்களை விற்க மாட்டோம் என்று தென்னிந்திய சில்லறைக் கடைகளின் சங்கம் அறிவித்தபோது, வாரண்டிக் கோரிக்கைகளைக் கம்பெனி இழுத்தடிப்பதும் அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. வாடிக்கையாளர் கோபத்தை முதலில் வாங்கிக்கொள்வது கடைக்காரர்தான்.

இவ்வளவு தூரம் வழி திறந்தே இருக்கிறது. அடைப்பு இருப்பது நிரூபணத்தில்.

பழுது தயாரிப்புக் குறையா, பயன்படுத்தியதால் வந்ததா என்று பார்த்தவுடன் தெரியாவிட்டால், ஆணையம் பொருளை முத்திரையிட்டு அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகத்துக்கு அனுப்பலாம் என்று சட்டத்தின் 38ஆவது பிரிவு சொல்கிறது. 45 நாளில் அறிக்கை வர வேண்டும். ஆய்வுக் கட்டணத்தை முதலில் கட்ட வேண்டியவர் புகார்தாரர்! செல்போன் போர்டைப் பிரித்துப் பார்த்து இது ஈரத்தால் போனது, இது பற்றவைப்புக் குறையால் போனது என்று எழுதிக் கொடுக்கும் ஆய்வகத்தை பாகூர் விவசாயி எங்கே தேடுவார்? தயாரிப்புக் குறையைப் புகார்தாரரே நிபுணர் சான்றோடு நிரூபிக்க வேண்டும் என்று கார் வழக்குகளில் தேசிய ஆணையம் வளர்த்த கருத்தைக் கம்பெனி வக்கீல்கள் போன் வழக்கிலும் அப்படியே எடுத்து வைக்கிறார்கள். பத்து லட்சம் ரூபாய் காருக்குப் பொருந்தும் அளவுகோல் பன்னிரண்டாயிரம் ரூபாய் போனுக்குப் பொருந்தாது. சோதனைச் செலவே போன் விலையைத் தின்றுவிடும்.

ஆணையங்கள் எல்லாம் இந்த வாதத்துக்குத் தலையாட்டுவதில்லை என்பது ஆறுதல். வாரண்டிக் காலத்திலேயே ஒரே பழுதுக்காகப் போன் திரும்பத் திரும்ப சர்வீஸுக்குப் போயிருந்தால், அங்கே எழுதிக் கொடுக்கும் ஜாப் ஷீட்டுகளையே குறைபாட்டுக்குச் சான்றாக ஏற்ற தீர்ப்புகள் பல உண்டு. பெங்களூரில் ஒருவருக்கு நடந்தது நம் விஷயத்துக்கு மிக நெருக்கமானது. 2021 அக்டோபரில் ஓராண்டு வாரண்டியோடு அவர் ஐபோன் 13 வாங்கினார். சில மாதங்களில் பேட்டரியும் ஸ்பீக்கரும் தகராறு செய்தன. சர்வீஸ் சென்டர் முதலில் சரியாகிவிட்டது என்றது, பிறகு வெளிப்புற வலையில் பசை போன்ற பொருள் இருக்கிறது, வாரண்டியில் வராது என்றது. மின்னஞ்சல்களுக்குச் சரியான பதில் இல்லாமல் அவர் வக்கீல் நோட்டீஸ் அனுப்பி, ஆணையத்துக்குப் போனார். போன் விலை 79,900 ரூபாயை வட்டியோடு திருப்பித் தரவும், மேலே 20,000 ரூபாய் கொடுக்கவும் 2023இல் உத்தரவானது. எழுதிய மின்னஞ்சலும் வாங்கிய காகிதமும் கையில் இருந்ததால்தான் அவரால் அவ்வளவு தூரம் போக முடிந்தது.

நியாயம் இதில் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வாரண்டி உண்டு என்பது பொது வாக்கு, தண்ணீர் பட்டால் கிடையாது என்பது விலக்கு. விலக்கைச் சொல்லித் தப்பிக்க நினைப்பவரே அதை நிரூபிக்க வேண்டும். காப்பீட்டு வழக்குகளில் இந்த விதி உறுதியாகிவிட்டது. வேதிக் ரிசார்ட்ஸ் வழக்கில் 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம், விலக்கு நிபந்தனைக்குள் இழப்பு விழுகிறது என்பதை நிரூபிக்கும் சுமை காப்பீட்டுக் கம்பெனியுடையது என்று மறுபடியும் சொன்னது. காப்பீடும் வாரண்டியும் ஒன்றல்ல என்று எதிர்வாதம் வரலாம். ஆனால் போனைத் திறக்கும் கருவியும், வரைபடமும், பயிற்சி பெற்ற ஆளும் இருப்பது கம்பெனியிடம்தான். எல்லாம் தெரிந்தவர் வாய்மொழியாக மறுக்கலாம், எதுவும் தெரியாதவர் ஆய்வக அறிக்கை கொண்டுவர வேண்டும் என்பது என்ன முறை?

வில்லியனூரும் பாகூரும் 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த கொம்யூன்கள். 1819 முதலே பிரெஞ்சுச் சட்டத்தொகுப்புகள் இங்கே நடைமுறைக்கு வந்துவிட்டன. விற்ற பொருளில் மறைந்திருக்கும் குறைக்கு விற்றவரே பொறுப்பு என்ற விதி அந்த 1804ஆம் ஆண்டுச் சிவில் சட்டத்திலேயே இருந்தது. அப்போதெல்லாம் குறை விற்கும்போதே இருந்தது என்பதை வாங்கியவர்தான் காட்ட வேண்டும். இன்றைய பிரான்ஸ் அதையும் தாண்டிவிட்டது. 2016 மார்ச் முதல் அங்கே, புதிதாக வாங்கிய பொருளில் 24 மாதத்துக்குள் குறை தெரியவந்தால், அது ஒப்படைக்கும்போதே இருந்ததாகக் கருதப்படும். இல்லை என்றால் நிரூபிப்பது விற்றவர் பாடு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019ஆம் ஆண்டு நெறியின்படி மற்ற உறுப்பு நாடுகளிலும் குறைந்தது ஓராண்டுக்கு இதே அனுமானம் உண்டு. புதுச்சேரியில் சொந்தக்காரர்கள் பாரிஸில் இருக்கும் குடும்பங்கள் ஏராளம். ஒரே கம்பெனியின் ஒரே மாதிரிப் போன் அங்கே பழுதானால் ஒரு நியாயம், இங்கே பழுதானால் வேறு நியாயம்.

ஊர்க்கடையில் பழுது பார்ப்பவரைப் பற்றியும் ஒரு வார்த்தை. வில்லியனூர் கடைத்தெருவில் சார்ஜ் துளையைத் துடைத்துப் பார்த்தால்கூட "வெளியாள் திறந்தது" என்று வாரண்டியை ரத்து செய்கிறார்கள். உதிரிபாகத்தையும் பழுது பார்க்கும் தகவலையும் தங்கள் கைக்குள் அடைத்து வைத்து, வெளியே போனால் வாரண்டி கிடையாது என்று மிரட்டியதற்காக 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. செல்போனுக்கு அந்த அளவு நடவடிக்கை வரவில்லை. பழுது பார்க்கும் உரிமைக்காக ஒன்றிய நுகர்வோர் துறை 2022 ஜூலையில் குழு அமைத்தது, அதே டிசம்பரில் ஒரு தளமும் திறந்தது. கட்டாயப்படுத்தும் சட்டம் இன்னும் வரவில்லை. ஆகவே வாரண்டி முடியும்வரை ஊர்க்கடைக்காரர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் போனை அவரிடம் கொடுக்காமல் இருப்பதே இப்போதைக்கு நல்லது.

சர்வீஸ் சென்டர் மேஜையில் செய்ய வேண்டியது சில உண்டு. போனைக் கொடுக்கும் முன்பே நாலாபுறமும் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள், பக்கத்தில் இருப்பவர் போனில் எடுத்தாலும் சரி. ஜாப் ஷீட் இல்லாமல் போனைக் கையைவிட்டுக் கொடுக்காதீர்கள். அது ஆங்கிலத்தில்தான் இருக்கும். "வெளிப்புற நிலை" என்ற கட்டத்தில் கீறல், நசுங்கல் என்று அவர்களே நிரப்பிவிட்டுக் கையெழுத்து கேட்பார்கள். அந்தக் கட்டம்தான் பிறகு உங்களுக்கு எதிராக வந்து நிற்கும். படிக்கத் தெரிந்தவரை வைத்துப் படித்துவிட்டு, ஒத்துக்கொள்ளாததைப் பேனாவால் எழுதிக் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். ஐஎம்இஐ எண் பில்லிலும் ஜாப் ஷீட்டிலும் ஒன்றாக இருக்கிறதா என்று சரிபாருங்கள். மறுத்தால், மறுக்கும் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், சிவப்புப் புள்ளியின் போட்டோவையும் கேளுங்கள். தர மாட்டோம் என்றால் அன்றைக்கே பெட்டியில் அச்சிட்டிருக்கும் நுகர்வோர் தொடர்பு மின்னஞ்சலுக்கு நடந்ததை எழுதி அனுப்புங்கள். அதற்குப் பிறகு ஸ்பீடு போஸ்டில் ஒரு நோட்டீஸ், 15 நாள் கெடு. தமிழில் எழுதினாலும் நோட்டீஸ் நோட்டீஸ்தான்.

சோதனை தேவைப்படாத புகாரை மூன்று மாதத்திலும், தேவைப்படுவதை ஐந்து மாதத்திலும் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அதற்கு மேலும் இழுக்கும். உத்தரவு வந்தபின் கம்பெனி பணம் தராமல் இருந்தால் 72ஆவது பிரிவின்படி ஒரு மாதத்திலிருந்து மூன்று ஆண்டுவரை சிறை, 25,000 ரூபாயிலிருந்து ஒரு லட்சம்வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். கம்பெனி மேல்முறையீட்டுக்குப் போனாலும் உத்தரவான தொகையில் பாதியைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும்.

ஒன்றிய நுகர்வோர் துறையிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான். வாரண்டிக் காலத்தில் நின்றுபோன போன் குறைபாடுள்ளது என்றே கருதப்பட வேண்டும், இல்லை என்பவர் தன் செலவில் சோதித்து நிரூபிக்க வேண்டும் என்ற விதியைச் சட்டத்தில் சேர்க்க வேண்டும். புதுச்சேரி அரசு அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை. வில்லியனூர், பாகூர் கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகங்களில் புகார் எழுதிப் பதிந்து கொடுக்க ஓர் ஆளை உட்கார வைக்கலாம், ஜாப் ஷீட்டும் மறுப்புக் கடிதமும் தமிழிலும் இருக்க வேண்டும் என்று சர்வீஸ் சென்டர்களிடம் வலியுறுத்தலாம். வாசகர்களில் யார் வீட்டிலாவது வாரண்டி மறுக்கப்பட்ட போன் அலமாரியில் கிடந்தால், மறுத்த தேதியைப் பாருங்கள். இரண்டு ஆண்டு ஆகவில்லை என்றால் இன்னும் வழக்குப் போடலாம்.